முதல்வன் பார்த்தா சிவிக்ஸ் புரியுமா? பத்தாம் வகுப்புக்கு ஒரு படம் சொல்லுங்க

சாக்பீஸ் டீச்சர் (கேள்வி)

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் பத்தாம் வகுப்பில் மாநில அரசு பாடம். "ஆளுநர் முதலமைச்சரை நியமிக்கிறார்" என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மிஸ், முதல்வன்ல அர்ஜுன் ஒரு நாள் சி.எம். ஆனது செல்லுமா, செல்லாதா?" என்றான். படம் வந்தது 1999. இவன் பிறந்தது அதற்கெல்லாம் பத்து வருஷம் கழித்து. டி.வி.யில் போட்டுப் போட்டு இவர்களுக்கும் அது மனப்பாடம். பக்கத்தில் இருந்தவன் விடுவானா? "சர்கார்ல விஜய் சொல்ற 49பி நிஜமா மிஸ்?"

49பி நிஜம்தான். நம் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டிருந்தால், நமக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு (டெண்டர் ஓட்டு) கொடுக்கச் சொல்லும் தேர்தல் விதி அது. ஒரு தேர்தலில் நான் பி.ஓ.வாக, அதாவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தபோது என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தார். வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் அவர் எண்ணுக்கு நேரே ஏற்கெனவே கைநாட்டு விழுந்திருந்தது. பாட்டி விரலில் மை இல்லை. கட்சி ஏஜென்டுகள் நாலு பேரும் கூரையில் இருக்கும் ஓடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். டெண்டர் ஓட்டுச் சீட்டை எடுத்து, 17பி படிவத்தில் விவரம் எழுதி, கைநாட்டு வாங்கி, முத்திரையைக் கொடுத்தேன். குத்தி மடித்துக் கொண்டுவந்தவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது அதுக்குள்ள போகலையே கண்ணு?"

கவரில் வைப்போம் பாட்டி என்றேன். எண்ணும் நாளில் அந்தக் கவரைச் சேர்த்து எண்ணமாட்டார்கள், வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் உண்டு என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

சர்கார் படத்தில் அந்த ஒரு ஓட்டைப் பிடித்துக்கொண்டு ஹீரோ மாநிலத்தையே கலக்குகிறார். பிள்ளைகளுக்குத் தெரிந்த அரசியல் முழுக்க இப்படித்தான் இருக்கிறது: ஒருத்தர் மைக் பிடித்துப் பேசுவார், கூட்டம் அழும், மறுநாள் எல்லாம் மாறிவிடும். மைக் இல்லாத அரசியலை, அதாவது ஓட்டு, ஃபைல், கூட்டம், கையெழுத்து இவற்றைக் காட்டுகிற படமோ தொடரோ இருக்கிறதா? 38 பிள்ளைகள். ஹைடெக் லேபில் ப்ரொஜெக்டர் உண்டு. இரண்டு பீரியடுக்கு மேல் ஹெச்.எம். தரமாட்டார். கெட்ட வார்த்தை, இரட்டை அர்த்தம் இருந்தால் அதோடு என் கதை முடிந்தது.

ரிட்டயர்டு தாசில்

டீச்சரம்மா, முதலில் பையனுக்குப் பதில். சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் வரை மந்திரியாக இருக்கலாம், அரசியல் சட்டம் 164(4). ஆகவே அர்ஜுன் பதவியேற்றது செல்லும். ஆனால் தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அந்த ஆறு மாத சலுகையும் கிடையாது என்று 2001 செப்டம்பரில், ஜெயலலிதா அந்த மே மாதம் முதல்வராகப் பதவியேற்றது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படம் வந்து இரண்டே வருஷம். பையன் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை, பாராட்டுங்கள்.

செல்லாதது வேறொன்று. போகிற இடமெல்லாம் கையோடு சஸ்பெண்ட் ஆர்டர் கொடுப்பாரே, அதுதான். அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(இ)-யில் ஒருவரை சஸ்பெண்ட் செய்ய அதற்கென்று அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்துப் போடவேண்டும். முதல்வர் சொல்லலாம், போடுகிற கை வேறு. பிறகு 17(பி) சார்ஜ், விளக்கம், விசாரணை அலுவலர், ஒத்திவைப்பு என்று அது ஒரு நெடுந்தொடர். சர்வீஸில் நான் பார்த்தவர்களில் சிலர் ஸ்டே வாங்கிக்கொண்டு அதே நாற்காலிக்குத் திரும்பி, புகார் கொடுத்தவருக்கே சர்டிஃபிகேட் எழுதிக்கொடுத்தார்கள். அதை எடுக்க எந்த டைரக்டருக்கும் பொறுமை கிடையாது.

என்னைக் கேட்டால் தமிழில் அரசியலை நேராகப் பிடித்தது அமைதிப்படையில் வரும் ஒரே ஒரு காட்சி. 1994 படம். ஓட்டு எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றாக அறிவிக்கிறார்கள். மணிவண்ணன் பக்கத்தில் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சத்யராஜ், முன்னிலை ஏற ஏற முதுகைச் சாய்த்து, கை பரப்பி, கடைசியில் கால்மேல் கால். தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை நம் கண்ணெதிரே எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணும் மேஜையில் உட்கார்ந்தவன் நான். சீட்டுகளை 25, 25 ஆகக் கட்டி அடுக்குவோம். காலையில் "சார், தண்ணி வேணுமா சார்?" என்று கேட்ட ஏஜென்ட், நாலாவது சுற்றில் "யோவ், சீக்கிரம் கட்டுய்யா" என்றார். அவர் கட்சி 2,000 ஓட்டு முன்னே போயிருந்தது. அந்தக் காட்சியை எழுதியவர் எண்ணும் இடத்தில் எங்கோ நின்றிருக்கவேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன்.

படம் முழுசாக வகுப்புக்கு ஆகாது. சொல்லிவிட்டேன்.

கொக்கரக்கோ

எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. இதுக்கு ரெண்டு பீரியடு வேற.

சாக்பீஸ் டீச்சர்

@கொக்கரக்கோ அந்தக் குட்டையை யார் வெட்டினது, எந்த ஃபண்டுல வெட்டினதுன்னுதான் தம்பி பாடமே.

@ரிட்டயர்டு தாசில் ஐயா, 17(இ) எனக்கே புதுசு. நன்றி.

மூணாவது வார்டு

டீச்சர், மண்டேலா போடுங்க. நான் எங்க பஞ்சாயத்துல வார்டு மெம்பரா இருந்தவ. 2021 ஏப்ரல் 4, ஞாயித்துக்கிழமை, தியேட்டருக்கே வராம நேரா விஜய் டி.வி.ல போட்டாங்க. செவ்வாய்க்கிழமை சட்டசபைக்கு ஓட்டு. பிரச்சாரத்துக்குப் போன எங்க வீட்டுக்காரர் தொண்டை கட்டி வந்து உக்காந்தவர், கடைசி வரைக்கும் எந்திரிக்கலை.

யோகிபாபு முடிவெட்டுறவர். ஊருல யாரும் அவரை ஒழுங்கான பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்க. காசு போட தபால் ஆபீசுக்குப் போனா அடையாள அட்டை கேக்குறாங்க. அங்க வேலை பாக்குற தேன்மொழிதான் நெல்சன் மண்டேலான்னு பேரு வச்சு கார்டு வாங்கித் தருது. அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல்ல ரெண்டு பக்கமும் சரிசமம், இவரோட ஒரு ஓட்டுதான் மிச்சம். அந்த கார்டு வந்த நிமிஷத்துல இருந்து ஊரு அவரை எப்படிப் பாக்குதுன்னு உங்க பிள்ளைங்களைக் கவனிக்கச் சொல்லுங்க.

ஆனா ரெண்டு விஷயம் நீங்க சேத்துச் சொல்லணும். படத்துல எல்லாரும் ஒரே ஒரு ஓட்டைத்தான் பேசுவாங்க. 2019 டிசம்பர்ல எங்க ஊர்ல ஆளுக்கு நாலு சீட்டு. தலைவருக்கு ரோஸ், ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு மெம்பருக்கு வெள்ளை. எங்க அப்பத்தா நாலையும் விசிறி மாதிரி விரிச்சுப் பிடிச்சிட்டு "இதுல உன்னோடது எது?"ன்னு பூத்துக்குள்ள இருந்து சத்தமாக் கேட்டுச்சு. பி.ஓ. வெளிய தள்ளாத குறை.

இன்னொண்ணு, படம் முடியுற இடத்துலதான் நிஜ கதை ஆரம்பிக்கும். ஜெயிச்ச வார்டு மெம்பருங்க சேந்துதான் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கணும். எங்களுக்கு 9 வார்டு. 2017ல எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்ல கொண்டுபோய் வச்சாங்களே, கூவத்தூர், ஞாபகம் இருக்கா? அதே மாதிரி எங்கள்ல அஞ்சு பேரை ஒரு வேன்ல ஏத்தி குற்றாலம் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு துணைத்தலைவர் பதவிக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு அப்ப எனக்கு விளங்கலை. செக்ல தலைவர் கையெழுத்து மட்டும் பத்தாது, துணைத்தலைவரும் போடணும். அம்புட்டுதான். ரெண்டு பேருக்கும் ஆகலைன்னா தெருவிளக்கு பல்பு கூட வராது. எங்க தெரு ரெண்டு மாசம் இருட்டுல கெடந்துச்சு.

தொடர் வேணும்னா 2024ல வந்த தலைவெட்டியான் பாளையம். இந்தியில பஞ்சாயத்துன்னு வந்தது. தேவதர்ஷினி பேருக்குத் தலைவர், நாற்காலியில உக்காருறது வீட்டுக்காரர். அதுக்கு நான் சிரிக்கலை.

ஹேர்னிங்

நான் டென்மார்க்கிலை இருக்கிறன். ரீச்சர் கேட்ட மாதிரி மைக் இல்லாத அரசியலுக்கு இஞ்சை ஒரு தொடர் இருக்கு, போர்கன். 2010இலை வந்தது. பாராளுமன்றம் இருக்கிற மாளிகையை இஞ்சத்தைச் சனம் அப்பிடித்தான் சொல்லுறது, கோட்டை எண்டு அர்த்தம். நான் டேனிஷ் பழகுறதுக்கெண்டுதான் பாக்கத் தொடங்கினனான். பாசைக்கு முதல் கணக்கு விளங்கிச்சுது.

மொத்தம் 179 ஆசனம், பாதியைத் தாண்ட 90 வேணும், தனிய ஒரு கட்சிக்கும் அவ்வளவு கிடைக்கிறேல்லை. நடுவிலை நிக்கிற கட்சியொண்டின்ரை தலைவி அறைக்கு அறை போய், ஆருக்கு எந்த அமைச்சு, ஆர் எதை விட்டுக்குடுக்கிறது எண்டு கதைச்சுக் கதைச்சே பிரதமரா வாறா. அடிதடி இல்லை, பாட்டு இல்லை, நிறையக் கோப்பி குடிக்கினம். இஞ்சத்தை முறை என்னெண்டா, தனக்குப் பெரும்பான்மை இருக்கெண்டு அரசாங்கம் காட்டத் தேவையில்லை, தனக்கு எதிராப் பெரும்பான்மை இல்லாட்டிக் காணும். இதைப் பள்ளிக்கூடத்திலை படிச்சிருந்தால் நான் மறந்திருப்பன்.

அது வரேக்கை நிஜத்திலை இஞ்சை பெண் பிரதமர் ஆரும் இருந்ததில்லை. அடுத்த வருசம், 2011 ஒக்ரோபரிலை, ஹெல்ல தோர்னிங் ஸ்மித் வந்தா. தொடராலைதான் வந்தவ எண்டு நான் சொல்லமாட்டன்.

ரிட்டயர்டு தாசில்

ஹேர்னிங் தம்பி சொன்ன கணக்கு நம் ஊரிலும் நடந்தது. 2006-இல் 234-க்கு தி.மு.க. 96. தேவை 118. கூட்டணிக் கட்சிகளை மந்திரிசபையில் சேர்க்காமல், வெளியிலிருந்து வந்த ஆதரவில் ஐந்து வருஷமும் ஓடியது. தினமும் யார் யாரோடு என்ன பேசி அதை ஓட்டினார்கள் என்று ஒரு படம் வந்திருந்தால் நான் முதல் ஷோவுக்குப் போயிருப்பேன்.

சாக்பீஸ் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஹெச்.எம். வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியடு கொடுத்திருக்கிறார். மண்டேலாவில் கார்டு வரும் காட்சி வரை முதல் பீரியடு. ஹேர்னிங் தம்பி, டேனிஷ் தொடரின் சப்டைட்டிலோடு என் பிள்ளைகள் மல்லுக்கட்டமாட்டார்கள், அதனால் அந்த 90 கணக்கை மட்டும் போர்டில் போடுகிறேன். எங்கள் வகுப்பில் 38 பேர், 20 வேணும் என்று மாற்றிக்கொண்டால் அவர்களே பேரம் பேசிவிடுவார்கள்.

இரண்டாவது பீரியடு @மூணாவது வார்டு உங்களுடையது. நாலு கலர் சீட்டு வெட்டி ஓட்டுப் போடவைத்து, ஜெயித்த ஒன்பது பேரில் துணைத்தலைவர் தேர்தலும் நடத்தப் போகிறேன். செக்குக்குப் பதில் பெஞ்சு மாற்றி உட்கார அனுமதிச் சீட்டு, அதில் தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். 49பி பையனைத்தான் பி.ஓ. ஆக்கியிருக்கிறேன். ஒருத்தி பெயரில் முன்கூட்டியே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டதாக வைத்து, அவளை மூன்றாவதாக அனுப்புவேன். என்ன செய்கிறான் என்று பார்க்கணும்.

வெள்ளை, பச்சை, மஞ்சள் சார்ட் வாங்கிவிட்டேன். ரோஸ் மட்டும் பஸ் ஸ்டாண்ட் கடையிலும் இல்லை, அடுத்த ஊர் போகணும்.

மூணாவது வார்டு

ரோஸ் இல்லாம ஆரம்பிச்சிராதீங்க டீச்சர், தலைவர் சீட்டு அதுதான். பையனுங்க இப்பவே குற்றாலத்துக்கு வேன் பேசியிருப்பானுங்க.