அல்லிஜ்: வெற்றிடம் வேண்டாம், குறைவெளி என்போமா?

அன்பர்களே, வணக்கம். தொட்டியிலோ பீப்பாயிலோ திரவத்துக்கு மேல் நிரம்பாமல் கிடக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'அல்லிஜ்' (ullage) என்கிறார்கள். அகராதியில் போட அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம், 'வெற்றிடம்', 'கண்வெளி' என்றெல்லாம் பரிந்துரைகள் வந்திருக்கின்றன.

மலேசியாவின் பந்திங்கிலிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், கொஞ்சம் தள்ளிப் போனால் கிள்ளான் துறைமுகம். ஆலையிலிருந்து எண்ணெய் ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. அதனால் இந்தச் சொல்லை அகராதியில் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டவன் நான்.

முதலில் எழுத்து. சிலர் 'ஆயிலேஜ்' என்று எழுதுகிறீர்கள், அது வேண்டாம். ஒலிப்பு 'அல்லிஜ்'. எண்ணெய்க் கப்பலில் புழங்குவதால் ஆயிலோடு முடிச்சுப் போடத் தோன்றுகிறது, ஆனால் இரண்டுக்கும் உறவே கிடையாது. இது பிரான்சின் மதுப் பீப்பாயிலிருந்து வந்த சொல். பீப்பாயின் வயிற்றில் ஊற்றுவதற்காக விடும் துளையைப் பழைய பிரெஞ்சில் 'கண்' என்றார்கள், இலத்தீன் 'ஓக்குலுஸ்' வழியில். மரத்தின் வழியாக மது மெல்ல ஆவியாகிக் குறையும், குறைந்ததைக் கண் மட்டம் வரை ஊற்றி நிரப்புவார்கள், அந்த வேலைக்குக் கண்ணிலிருந்தே ஒரு வினைச்சொல் பிறந்தது. பிரெஞ்சில் இன்றும் 'ஊயாஜ்' என்றால் நிரப்புவதுதான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குப் போனதும் பொருள் திரும்பிவிட்டது: நிரப்பும் வேலைக்கு இருந்த பெயர், நிரம்பாமல் கிடக்கும் குறைக்குப் பெயராகிவிட்டது.

இதனால்தான் 'கண்வெளி' என்ற பரிந்துரை எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. நாமும் தேங்காய்க்குக் கண் என்கிறோம், பாலத்துக்குக் கண் என்கிறோம், துளையைக் கண்ணாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏறி அளக்க நிற்கிற ஆளிடம் போய்க் 'கண்வெளி எவ்வளவு?' என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தைக் கேட்கிறோம் என்றுதான் நினைப்பார். வேர் அழகாக இருக்கிறது என்பதற்காக வேலை செய்கிறவரைக் குழப்பக்கூடாது.

'வெற்றிடம்' இன்னும் மோசம். இயற்பியலில் அதற்கு வேறு பொருள் உறுதியாகிவிட்டது. தொட்டியின் மேற்பகுதியில் இருப்பது காற்றும் ஆவியும், சில சரக்குகளுக்கு நைட்ரஜனும். 'காலியிடம்' வேலைவாய்ப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டது. இங்கே பேச்சில் 'மேல எவ்ளோ கோசோங் (காலி)?' என்று மலாய்ச் சொல்லைப் போட்டுக் கேட்பதுண்டு, பேச்சுக்குச் சரி.

தொட்டியின் மேல் நிற்கும் அந்த ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அளவு நாடாவை இறக்கி, தொட்டியின் மேல் குறித்த இடத்திலிருந்து எண்ணெய் மட்டம் வரை எவ்வளவு என்று அளக்கிறார். அடியிலிருந்து அளப்பது வேறு முறை, அதை 'ஆழம் பார்த்தல்' என்றே சொல்லலாம். மேலிருந்து எடுத்த அளவை அந்தத் தொட்டிக்குரிய அட்டவணையில் பார்த்து எண்ணெயின் கன அளவைக் கண்டு, கப்பலின் சாய்வுக்கும் எண்ணெயின் சூட்டுக்கும் திருத்தம் செய்து, அடர்த்தியால் பெருக்கினால் எத்தனை டன் என்று தெரியும். பணம் கைமாறுவது இந்தக் கணக்கில்தான். எண்ணெயின் மேற்பரப்பு 100 சதுர மீட்டர் என்று வையுங்கள், நாடாவில் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் ஒரு கன மீட்டர் போச்சு, கிட்டத்தட்ட 890 கிலோ செம்பனை எண்ணெய்! ஆக அவர் அளப்பது நிறைவை அல்ல, குறையை. சொல்லிலும் அதுதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த இடத்தை விடாமல் ஏற்றவும் முடியாது. செம்பனை எண்ணெய் ஆறினால் உறைந்துபோகும், அதனால் பயணத்தில் 32 முதல் 40 பாகை செல்சியஸில் வைத்திருந்து, இறக்கும்போது 50 முதல் 55 வரை சூடேற்றுகிறார்கள். 20 பாகை ஏறினாலே எண்ணெயின் கன அளவு ஒரு விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். அதே சமயம் குறை அதிகமானாலும் ஆபத்து, பாதித் தொட்டி எண்ணெய் பக்கத்துக்குப் பக்கம் ஓடிக் கப்பலின் நிலைப்பைக் கெடுக்கும். குறைகுடம் கூத்தாடும் என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான்.

எனவே என் பரிந்துரை 'குறைவெளி'. குறை என்றாலே குற்றம், புகார் என்று ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். குறைக்கடத்தி என்று பாடநூலில் படிக்கிறோம், யாருக்கும் குற்றமாகப் படவில்லையே. குறைகுடம், குறைமாதம் எல்லாம் 'நிறையாதது' என்ற பொருளில்தான் வழங்குகின்றன. கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: குறைவெளி அட்டவணை, குறைவெளி நாடா. நாடாவில் எடுத்த அளவை மட்டும் சுட்ட 'குறையளவு'. பிரெஞ்சுக்காரரின் பழைய வேலைக்குக் 'குறைநிரப்பு'. மதுப்புட்டியின் கழுத்தில் விடும் இடத்துக்கும் இதே சொல் பொருந்தும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. சாட்டர்ன் 5 போன்ற ஏவூர்திகளில், எடையற்ற நிலையில் மிதக்கும் எரிபொருளைத் தொட்டியின் அடியில் படியவைக்கச் சின்ன உந்திகள் இருந்தன, அவற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லை முன்னால் ஒட்டித்தான் பெயர். அவை செய்வது படியவைக்கும் வேலை என்பதால் 'குறைவெளி உந்தி' என்பதைவிடப் 'படிவுந்தி' சரியாக இருக்குமோ? விண்வெளித் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அகராதிப் பதிவில் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம்.