65-ஆ, 75-ஆ? எதிரே ஜன்னல், பக்கவாட்டில் அம்மாவின் நாற்காலி: பெரிய டிவி வாங்க உதவி தேவை

ஜன்னலோரம் (கேள்வி):

வணக்கம். எங்கள் பழைய 40 இன்ச் டிவியில் திரையின் இடப்பக்கம் இருண்டுவிட்டது. அதைச் சரிசெய்வதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். பத்து நாளாக இதைப் பற்றியே படிக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

எங்கள் ஹாலைச் சொல்லிவிடுகிறேன். டிவி வைக்கும் சுவரிலிருந்து சோபா 10 அடி. சோபாவுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், பகலெல்லாம் நல்ல வெளிச்சம் வரும். அம்மாவின் நாற்காலி சோபாவுக்கு இடப்பக்கம், கொஞ்சம் முன்னால். அம்மாவுக்குப் போன வருடம் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. காலையிலிருந்து மதியம் வரை செய்தி சேனல்தான் ஓடும். கீழே ஓடும் வரிகளைத் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் இருவரும் படம் பார்ப்போம்.

கையில் இருப்பதற்கு 65 இன்ச் ஓஎல்இடி, அல்லது 75 இன்ச் மினி எல்இடி (திரைக்குப் பின்னால் பல குட்டி விளக்குகள் ஒளி தரும் வகை), இரண்டில் ஒன்று வாங்க முடியும். எதை எடுக்கலாம்?

இரவுக்காட்சி:

இரவில் படம் பார்ப்பவர் என்றால் ஓஎல்இடியைத்தான் சொல்வேன். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். கறுப்பு என்றால் உண்மையிலேயே கறுப்பு. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது, அதனால் அம்மாவின் நாற்காலிக்கும் நல்லது. இருட்டறையில் ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு எதற்கும் மனம் திரும்பாது.

வெள்ளைச்சுவர்:

இருட்டறைக்கு அது சரிதான். ஆனால் அந்த டிவி பகலில்தான் அதிக நேரம் ஓடப் போகிறது. தினமும் ஐந்தாறு மணி நேரம் ஒரே சேனல், ஒரே மூலையில் ஒரே சின்னம், கீழே ஒரே நிறப் பட்டை. ஓஎல்இடியின் புள்ளிகள் எவ்வளவு ஒளிர்கின்றனவோ அவ்வளவுக்குத் தேயும். ஒரே இடம் மட்டும் அதிகம் தேய்ந்தால் அந்தச் சின்னத்தின் நிழல் திரையில் நிரந்தரமாகத் தங்கிவிடும். இப்போது வரும் டிவிகள் படத்தை லேசாக நகர்த்தியும், சின்னம் இருக்கும் இடத்தை மங்கச் செய்தும் இதைத் தள்ளிப்போடுகின்றன. முழுதாகத் தடுப்பதில்லை. பலவகையான படங்கள் ஓடும் வீட்டில் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு நான் தயங்குவேன்.

மாடலை விடுங்கள், முதலில் அளவுகளைப் பார்ப்போம். 65 இன்ச் திரையின் அகலம் சுமார் 144 செ.மீ., உயரம் 81. 75 இன்ச் என்றால் அகலம் 166, உயரம் 93. திரை நம் பார்வையில் 30 டிகிரியாவது நிறைய வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி 65-க்குச் சுமார் 2.7 மீட்டர், அதாவது 9 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 75-க்கு 3.1 மீட்டர், 10 அடிக்குச் சற்று மேல். உங்கள் 10 அடிக்கு 75 கச்சிதமாகப் பொருந்துகிறது. சினிமா அரங்கில் நடுவில் உட்கார்ந்த உணர்வு வேண்டும் என்பவர்கள் 40 டிகிரி வரை போவார்கள், 75 இன்ச்சில் அதற்கு 2.3 மீட்டருக்கு நெருங்கி உட்கார வேண்டும்.

எனக்கு இடிப்பது இரண்டு. ஜன்னல் திரைக்கு நேர் எதிரே இருக்கிறது, அந்த வெளிச்சம் அப்படியே திரையில் பிரதிபலிக்கும். இன்னொன்று அம்மாவின் நாற்காலி. அது திரையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்ல முடியுமா?

ஜன்னலோரம்:

அளந்தேன். நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 5 அடி, சுவரிலிருந்து 7 அடி.

வெள்ளைச்சுவர்:

அப்படியென்றால் அம்மா 35 டிகிரி சாய்வில் பார்க்கிறார். இது பெரிய விஷயம். எல்இடி, மினி எல்இடி எல்லாமே உள்ளே எல்சிடி திரைதான், பின்விளக்கு மட்டும் வேறு. அந்தத் திரையில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. விஏ வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் போகப் போக நிறம் வெளுக்கும், 35 டிகிரியில் அது கண்ணுக்கே தெரியும். ஐபிஎஸ் வகை பக்கவாட்டில் பரவாயில்லை, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகிவிடும். விஏ திரையின் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம் 3000-க்கு 1 அல்லது அதற்கும் மேல் இருக்கும், ஐபிஎஸ் சுமார் 1000-க்கு 1. உங்கள் இரவும் அம்மாவின் பகலும் எதிரெதிர் திரைகளைக் கேட்கின்றன.

அதனால் ஒரு யோசனை. டிவியை அதே சுவரில்தான் வைக்க வேண்டுமா? வலப்பக்கச் சுவர் காலியா?

ஜன்னலோரம்:

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை! வலப்பக்கச் சுவரில் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே ஆறரை அடி இடம் இருக்கிறது. சோபாவை எதிர்ச்சுவருக்குத் திருப்பினால் கண்ணிலிருந்து திரை வரை 9 அடி வரும். அம்மாவின் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும், டிவிக்கு ஏறக்குறைய நேராக! ஜன்னலும் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

வெள்ளைச்சுவர்:

பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஆறரை அடி என்றால் 198 செ.மீ., 75 இன்ச் தாராளமாக உட்காரும். 9 அடியில் அது 34 டிகிரி வரும், நன்றாகவே இருக்கும். 65-ம் தவறில்லை. இனி எண்களை நம்பாமல் கண்ணை நம்புங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி இரண்டு அளவிலும் வெட்டி, அந்தச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். அம்மாவை அவர் நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

மாட்டும் உயரமும் அப்போதே தெரிந்துவிடும். உட்கார்ந்த நிலையில் கண் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதை ஒட்டி வர வேண்டும். 75 இன்ச்சுக்குக் கீழ் விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. பலர் சாமி படம் மாட்டுவதுபோல உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலி என்கிறார்கள். அம்மாவுக்காக வாங்குகிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

திருப்புளி:

டிவி மாட்டுவது என் தொழில். வாங்குவதற்கு முன் இதையும் பாருங்கள்.

மேசைமேல் வைப்பதானால் கால்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பெரிய டிவிகள் பலவற்றில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், சிறிய மேசையில் நிற்காது. சுவரில் மாட்டுவதானால் சுவர் என்ன சுவர் என்று தெரிய வேண்டும். 75 இன்ச் டிவி 30 கிலோவுக்கு மேல் வரலாம், உள்ளே வெற்றிடமுள்ள கல் அல்லது பலகைச் சுவரில் சாதாரணத் திருகு தாங்காது. டிவியின் பின்பக்கத் துளைகளின் இடைவெளி, அதாவது வெசா அளவு, 400க்கு 400 போல எழுதியிருப்பார்கள். தாங்கியும் அதே அளவுக்கு இருக்க வேண்டும்.

பெட்டியைப் படுக்கவைத்துத் தூக்க விடாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி, வளைந்தால் போச்சு. கொண்டுவந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, திரை முழுவதும் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மாற்றிப் பார்த்துவிடுங்கள். உடைந்த திரைக்கு உத்தரவாதம் பொருந்தாது. யாரால் உடைந்தது என்று பிறகு பேசி ஜெயிக்க முடியாது.

இரவுக்காட்சி:

செய்தி சேனல் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, இந்த வீட்டுக்கு மினி எல்இடிதான் சரி. ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பின்விளக்கு பகுதி பகுதியாகத் தனியே அணையும் வசதி, அதாவது 'லோக்கல் டிம்மிங்', எத்தனை பகுதிகளில் இருக்கிறது? பகுதி அதிகமாக இருந்தால் கறுப்பும் ஆழமாக இருக்கும். அப்புறம் "மோஷன் 240" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், திரையின் சொந்த வேகம், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, 60-ஆ 120-ஆ என்று கேளுங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). 120-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 5 வரும். 60-இல் வகுபடாது, அதனால் ஒரு சட்டம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் அந்தத் தடுமாற்றம் தெரியும்.

4கே-யைவிட இன்னும் நுண்ணிய புள்ளிகள் கொண்ட 8கே பக்கம் போகவே வேண்டாம். 75 இன்ச்சில் 4கே புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றரை மீட்டருக்கு அப்பால் சாதாரணக் கண்ணால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

கடையில் டிவியை மிகப் பிரகாசமான முறையில்தான் வைத்திருப்பார்கள். சினிமா முறைக்கு மாற்றிக் காட்டச் சொல்லி, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஜன்னலோரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 75 இன்ச் மினி எல்இடி, 120 வேகம், விஏ திரை வாங்கினோம். செய்தித்தாளை மாட்டியதும் அம்மா பெரியதைத்தான் கைகாட்டினார். ஆனால் இப்போது நான்கு சிக்கல்கள்.

1. செய்தி சேனலில் கீழே ஓடும் வரியின் அடிப்பாதி வெட்டுப்படுகிறது. எதற்காக வாங்கினோமோ அதுவே தெரியவில்லை என்று அம்மா வருத்தப்படுகிறார்.
2. சில சேனல்கள் பழைய டிவியைவிட மோசமாக, கலங்கலாகத் தெரிகின்றன.
3. படங்கள் எல்லாம் நாடகத் தொடர் போல வழவழவென்று ஓடுகின்றன.
4. மாலையானால் திரை தானாகவே மங்குகிறது.

டிவியில் கோளாறா?

திருப்புளி:

கோளாறு இல்லை. நான்கையும் அமைப்புகளில்தான் பார்க்க வேண்டும்.

வரி வெட்டுப்படுவதுதான் முதலில். டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளுகிறது, பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம் அது. படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய் "ஒரிஜினல்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், பெயர் டிவிக்கு டிவி மாறும். செட்டாப் பாக்ஸ் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ வழியில் இருக்கும்போதே மாற்றுங்கள், பல டிவிகள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். அப்படியும் வெட்டுப்பட்டால் பாக்ஸின் அமைப்பில் திரை விகிதம் 16க்கு 9 என்று இருக்கிறதா, ஜூம் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாலையில் மங்குவது வெளிச்சத்தை உணரும் சென்சாரின் வேலை. மின்சேமிப்புப் பகுதியில் இருக்கும், அணைத்துவிடுங்கள்.

வெள்ளைச்சுவர்:

கலங்கலுக்குக் காரணம் டிவி அல்ல, சேனல். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். சாதாரணத் தரச் சேனலில் வருவது அதிகபட்சம் 4 லட்சம் சொச்சம். மீதியை டிவி ஊகித்து நிரப்புகிறது. 40 இன்ச்சில் அந்தக் குறை ஒளிந்திருந்தது. அதே செய்தி சேனலின் எச்டி வடிவம் கிடைத்தால் அதற்கு மாறுங்கள், பாக்ஸின் வெளியீட்டை 1080 ஆக்குங்கள். சாதாரணத் தரத்திலேயே பார்க்க வேண்டியிருந்தால் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறையுங்கள். கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வந்து அம்மாவின் கண்ணுக்குத்தான் சிரமம்.

இரவுக்காட்சி:

வழவழப்புக்கு 'மோஷன் ஸ்மூத்திங்' காரணம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே டிவியே புதிய சட்டங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் சினிமா முறையில் வைத்து அதை மட்டும் அணையுங்கள். முதல் இரண்டு நாள் திரை மஞ்சளாகத் தெரியும், விட்டுவிடாதீர்கள், அதுதான் படம் எடுத்தவர்கள் பார்த்த நிறத்துக்கு நெருக்கமானது. பகலில் அம்மாவுக்கு வேறு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்:

வரி சரியாகிவிட்டது. பாக்ஸ் ஜூமிலும் இருந்தது, டிவியும் ஓரத்தை வெட்டியது, இரண்டையும் மாற்றிய பிறகு முழு வரியும் தெரிகிறது. அம்மா ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். மங்குவதும் நின்றது. எச்டி சேனலுக்கு மாறியதும் கலங்கல் போய்விட்டது. மஞ்சள் நிறம் இரண்டு நாளில் பழகிவிட்டது.

கடைசியாக ஒன்று. இரவில் கறுப்புக் காட்சியில் வசன வரிகளைச் சுற்றி வெள்ளையாகப் புகை போலத் தெரிகிறது. அது என்ன?

இரவுக்காட்சி:

அது மினி எல்இடியின் இயல்பு. எழுத்து இருக்கும் பகுதியின் பின்விளக்கு முழுதாக எரிகிறது, அதன் ஒளி சுற்றிலும் கசிகிறது. 'லோக்கல் டிம்மிங்'கை உச்சத்திலிருந்து ஒரு படி குறைத்துப் பாருங்கள், வசன வரியை வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறமாக்குங்கள். டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான ஒரு விளக்கு வைத்தாலும் கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

ஜன்னலோரம்:

சாம்பல் நிறமே போதுமானதாக இருக்கிறது. டிவிக்குப் பின்னால் வைக்கும் விளக்கை வார இறுதியில் பொருத்திப் பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி, அம்மாவும் சொல்லச் சொன்னார்.

திருப்புளி:

மகிழ்ச்சி. மாற்றித் தரும் காலக்கெடு முடியும் வரை பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.