நிலக்கரிக்கு மாற்றாக வந்தவரின் மகள்

மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நானும் போயிருக்கிறேன். பெல்ஜியத்தில், சார்ல்ருவா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1956 ஆகஸ்ட் 8, காலை 8.10 மணி. 975 மீட்டர் ஆழத்தில் ஒரு கரி வண்டி, மேலே தூக்கும் லிஃப்ட் கூண்டுக்குள் முழுதாக ஏறவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே கூண்டு மேலே கிளம்பிவிட்டது. அது இடித்ததில் எண்ணெய்க் குழாய் உடைந்தது, மின்கம்பிகள் அறுந்தன, காற்றுக் குழாயும் பிளந்து நெருப்பை ஊதிவிட்டது. 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். அங்கே வைத்திருக்கும் படங்களில் பையன் முகங்கள்கூட உண்டு. அந்தக் குடும்பங்களோடு யாராவது பழகியிருக்கிறீர்களா?

———

தங்கச்சி, நான் பழகியிருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் அப்பா அந்தச் சுரங்கத்தில்தான் இறந்தார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிரசெல்சில் வாய்க்கால் ஓரம் இருக்கும் பெத்தி ஷாத்தோ அகதி முகாமில் நாலு மாதம் இருந்தவன். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னேன். அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சுரங்கத்துக்குள் இறங்கமாட்டோம் என்று சொன்ன இத்தாலியரை அந்தக் காலத்தில் அங்கேதான் அடைத்து வைத்தார்களாம். அப்பாவோடு ஒரே ரயிலில் வந்த ஒருவரும் அங்கே இருந்தாராம். அப்புறம்தான் தன் அப்பாவைப் பற்றி என்னோடு பேசத் தொடங்கினார்.

1946 இல் இரண்டு அரசாங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இத்தாலி 50,000 ஆட்களை அனுப்பவேண்டும், பெல்ஜியம் நிலக்கரி தரவேண்டும். ஊர் ஊராக ரோஸ் நிறச் சுவரொட்டி ஒட்டினார்கள். சம்பளம், லீவு, பிள்ளைகளுக்கான படி எல்லாம் அதில் இருந்தது. ஆயிரம் மீட்டர் கீழே இறங்கவேண்டும் என்பது மட்டும் இல்லை. மிலான் ஸ்டேஷனில் உடம்பைச் சோதித்து ரயில் ஏற்றினார்கள். இங்கே வந்தால் தங்குவதற்குப் போர்க்கைதிகள் இருந்த தகரக் கொட்டில்கள். ஆளுக்கு இவ்வளவு கரி என்று பேசிக் கொண்டுவந்த மனிதர்களை அப்படித்தான் வைத்திருந்தார்கள். எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவருடைய அப்பா அப்ருட்சோ மலைப்பக்கத்தில் மனோப்பெல்லோ என்ற ஊர்க்காரர். வேலை முடிந்து வந்து எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இமை ஓரத்துக் கரி போகாதாம். கண்ணுக்கு மை தீட்டினமாதிரி இருக்குமாம். மடியில் ஏறி உட்கார்ந்து, கைக்குட்டை நுனியை எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவது இவருடைய வேலை. அப்போது ஆறு வயது. இதைச் சொல்லும்போது தன் இமையைத்தான் தடவிக் காட்டினார்.

தீப்பிடித்த அன்று அம்மாவோடு சுரங்கத்து இரும்பு வாசலுக்குப் போனார். உள்ளே விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள், அன்றும் அடுத்தடுத்த நாட்களும். ஆகஸ்ட் 23 விடியும் முன் மீட்புக்காரர்கள் 1,035 மீட்டர் வரைக்கும் போய்விட்டு மேலே வந்தார்கள். ஒருவர் இத்தாலிய மொழியில் சொன்னார்: "எல்லோரும் பிணம்." அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மா பிரெஞ்சை விட்டு இத்தாலியனுக்கு மாறிவிடுவார்.

போன வருடம் ஆகஸ்ட் 8 காலை நான்தான் அவரை அந்தச் சுரங்கத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மணி அடித்து இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். மனோப்பெல்லோவிலிருந்து மட்டும் இருபதுக்கு மேற்பட்டவர்கள். தன் ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் என் கையைத் தட்டி மெதுவாகச் சொன்னார்: "இவர் என் ஞானத்தகப்பன். இவர் பக்கத்துக் கொட்டில். இவருக்கு அந்த வருடம்தான் கல்யாணம்." அப்பாவின் பெயர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.