ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்கு நம்மைப் போன்றவர்கள் போய் என்ன ஆகப்போகிறது?

கிளாஸ்கோ_மீனா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். 2019-ல், பழைய பிரிட்டிஷ் உதவித்தொகைக்காக மதிப்பீட்டுக்கு அழைத்தார்கள். ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள், கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேள்வி கேட்டார், கையைத் தூக்கச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார். வாசலிலிருந்து நாற்காலி வரை இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அறிக்கை வந்தபோது "உதவியின்றி நடந்தார்" என்று இருந்தது. அதை மாற்ற மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

2023-ல் அவரை ஸ்காட்லாந்தின் வயதுவந்தோர் மாற்றுத்திறன் உதவித்தொகைக்கு மாற்றினார்கள். இந்த முறை எங்கேயும் அழைக்கவே இல்லை, நரம்பியல் மருத்துவரின் கடிதத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள். நல்ல அதிகாரி வாய்த்தார் போலிருக்கிறது என்று வேலை இடத்தில் சொன்னேன். கூட வேலை செய்பவர், "அதிகாரியின் நல்ல மனசு இல்லை மீனா, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது, நாடாளுமன்றக் குழுவில் உட்கார்ந்து சண்டை போட்டு எழுத வைத்தது" என்றார். அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

குழுக் கூட்டம் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? பொதுமக்கள் போகலாம் என்கிறார்களே, போனால் பயன் உண்டா, இல்லை எல்லாம் முன்னாலேயே முடிவு செய்துவிட்டு நமக்குக் காட்டுவதா? நேரில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


லீத்_சரவணன்

மீனா அக்கா, அந்த மதிப்பீட்டு அறிக்கையைப் படித்ததும் வயிறு எரிந்தது. இதே போல எத்தனையோ அறிக்கைகள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன (உதவித்தொகை ஆலோசனை தரும் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன்).

உங்கள் தோழி சொன்னது சரி. சமூகப் பாதுகாப்பு மசோதா ஹோலிரூடில் (எடின்பர்க்கில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில்) அறிமுகமானது 2017 ஜூனில். 2016-ல் வந்த சட்டத்தால் 11 உதவித்தொகைகளின் அதிகாரம் லண்டனிலிருந்து எடின்பர்க்குக்கு வந்திருந்தது, அதற்கான அடித்தளச் சட்டம் இது. முதல் வடிவம் ஏறக்குறைய எலும்புக்கூடு. யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பதையெல்லாம் பின்னால் விதிமுறைகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். விதிமுறை என்றால் திருத்த முடியாது, மொத்தமாக ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், அவ்வளவுதான். இவ்வளவையும் விதிமுறைக்கு விடலாமா என்று இன்னொரு குழுவே கேட்டது.

ஒரு மசோதாவுக்கு மூன்று கட்டம் உண்டு, கடைசிக் கட்டம் முழு அவையில். முதல் கட்டத்தில் எழுத்துக் கருத்துகளை வாங்குவார்கள், சாட்சிகளை அழைப்பார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள், வழக்கறிஞர்கள், பராமரிப்பாளர்கள் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் அமைச்சர் வந்து உட்காருவார், இந்த வரிசைதான் முக்கியம். மூன்று வாரம் முன்பு ஒரு சக்கர நாற்காலிக்காரர் சொன்னதை உறுப்பினர் ஒருவர் எடுத்து வைத்து "இதற்கு உங்கள் பதில் என்ன?" என்று கேட்கும்போது, அமைச்சர் சொல்லும் பதில் அதிகாரபூர்வப் பதிவில் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை ஏறிவிடும். அப்புறம் நான் அப்படிச் சொல்லவில்லை என்று நழுவ முடியாது.

ஆனால் என்னைக் கேட்டால் இரண்டாம் கட்டம்தான் உயிர். எந்த உறுப்பினரும் திருத்தம் கொடுக்கலாம், வந்து வாதாடலாம், ஆனால் வாக்கு குழு உறுப்பினர்களுக்கு மட்டும். கை தூக்கித்தான் வாக்கு, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயரோடு பதிவாகும். அப்போது ஆளும் கட்சிக்கு 129-ல் 63 இடம்தான், தனித்து எதையும் நிறைவேற்ற முடியாது. அதோடு இங்கே மேலவை கிடையாது, குழுவில் சல்லடை ஓட்டையாக இருந்தால் அடுத்த சல்லடை இல்லை.

உங்கள் கணவர் விஷயமும் இப்படி வந்ததுதான். தனியார் நிறுவனங்களை மதிப்பீட்டில் சேர்க்க மாட்டோம் என்று அன்றைய அமைச்சர் ஜீன் ஃப்ரீமன் வாயால் சொல்லியிருந்தார், ஆனால் முதல் மசோதாவில் அந்த வரி இல்லை. வாய்ச்சொல் அடுத்த அமைச்சரைக் கட்டுமா? திருத்தமாக அது சட்டத்துக்குள் வந்தது. வேறு வழியில் தகவல் கிடைக்காதபோதுதான் மதிப்பீட்டுக்கே அழைக்க வேண்டும் என்பதும் இன்று சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் மருத்துவர் கடிதமே போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவர்களுக்கு விரைவு வழி உண்டு இல்லையா, பிரிட்டிஷ் சட்டத்தில் அப்போது "ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடும்" என்று இருந்தது. நரம்பு நோய்க்காரர்களுக்கு அப்படித் தேதி குறித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. நோயாளிகளுக்கான அமைப்புகள் விடாமல் வலியுறுத்தின. கடைசிக் கட்டத்தில் கால வரம்பையே எடுத்துவிட்டு, மருத்துவரின் தீர்ப்புக்கு விட்டார்கள். 2018 ஏப்ரல் 25 அன்று சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.


ஹாரோ_சிவா

சரவணன் தம்பி சொன்னதோடு லண்டன் கதையையும் வைத்துப் பாருங்கோ. 2025 ஜூன் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், ஒரு மசோதா வந்தது. தனிநபர் மாற்றுத்திறன் தொகையின் (மீனா சொன்ன பழைய பிரிட்டிஷ் உதவித்தொகை மாதிரியானது) அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைக்க, மொத்தம் 8 புள்ளி இருந்தால் மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கைச் செயல் ஏதாவது ஒன்றிலாவது 4 புள்ளி வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. சமைக்க 2, குளிக்க 2, உடுத்த 2, இன்னொன்றுக்கு 2 என்று சிறிது சிறிதாகச் சேர்ந்து 8 வருகிற ஆட்களுக்கு அந்தப் பகுதி கிடைக்காது. என் தங்கை அப்படி 8 வாங்கினவள், அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் சரியான நித்திரை இல்லை.

ஜூலை 1 விவாதத்தின் நடுவிலேயே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து அந்தப் பிரிவை நீக்குகிறோம் என்றார். 335-க்கு 260 என்று வாக்கு. ஜூலை 9, ஒரே நாளில் கீழவையின் மிச்சக் கட்டங்களும் முடிந்தன. வழக்கமாக ஒரு சிறு குழுவுக்கு அனுப்பி, வெளியாட்களைக் கூப்பிட்டுச் சாட்சியம் கேட்பார்கள், இதற்கு முழு அவையையே குழுவாக்கிவிட்டார்கள், அதனால் ஒரு சாட்சியும் இல்லை. அந்த அவையின் வேலை மற்றும் ஓய்வூதியக் குழு தனியாக விசாரித்தது என்பது உண்மை, ஆனால் அது மசோதாவை வரி வரியாகப் பார்ப்பதற்கு ஈடாகாது. அந்தப் பிரிவு போனது சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்துக் கிளம்பியதால். மாற்றுத்திறனாளி ஒருவர் மைக் முன்னால் இருந்து தன் நாளை விளக்கி, அதைக் கேட்டு மாறியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.


திருச்சி_வக்கீல்

இங்கே இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் மக்களவை விதி 266 குழு அமர்வுகள் மூடிய கதவுக்குள் என்றே சொல்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்பது வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ., பேறுகால உதவி என்று 9 சட்டங்களை ஒன்றாக்கியது, இவ்வளவு பெரியது. 2019 டிசம்பரில் அறிமுகம், பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலான தொழிலாளர் நிலைக்குழு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பதை ஒரு வருடமாக்கச் சொன்னது அந்தக் குழு. நிரந்தரத் தொழிலாளருக்கு ஐந்து வருடமே நின்றது. புதிய மசோதா செப்டம்பரில் வந்து, இரண்டு அவைகளிலும் அடுத்தடுத்த நாளில், எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்திருந்த நேரத்தில் நிறைவேறியது.

குழு நன்றாகத்தான் உழைத்திருக்கிறது, அறிக்கையைப் படித்தால் தெரியும். ஆனால் அந்த ஒரு வருடத்தை யார் எப்படிக் கேட்டார், அதிகாரி என்ன சொல்லி மறுத்தார் என்ற உரையாடல் எனக்குக் கிடைக்காது. அது கையில் இருந்தால் தொழிற்சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியிருப்பேன். மீனா அம்மா, திறந்த கதவு கிடைத்திருக்கிறது, போங்கள்.


கிளாஸ்கோ_மீனா

எல்லோருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து 2018-ன் இரண்டாம் கட்டப் பதிவைப் படிக்க ஆரம்பித்தேன், ஒரு மணி ஆகிவிட்டது. ஒன்று புரியவில்லை. நல்ல நல்ல திருத்தத்தைக் கொண்டுவருகிறார்கள், நன்றாகப் பேசுகிறார்கள், அப்புறம் தாங்களே திரும்பப் பெறுகிறார்கள். இது என்ன, பயந்துவிட்டார்களா?


லீத்_சரவணன்

பயம் இல்லை அக்கா. அந்தத் திருத்தத்துக்குச் சற்று மேலே அமைச்சர் பேசியதைப் பாருங்கள், "மூன்றாம் கட்டத்துக்கு முன் உறுப்பினரோடு சேர்ந்து இதைச் சரியாக எழுதித் தருகிறேன்" என்ற மாதிரி ஒரு வாக்கு இருக்கும். அதைப் பதிவில் வாங்கிக்கொண்டு திரும்பப் பெறுவார்கள். அப்புறம் மூன்றாம் கட்டப் பட்டியலில் அது வந்ததா என்று தேடுங்கள். வராவிட்டால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு, கூட்டத் தேதியையும் பேசிய வரியையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அனுப்பியிருக்கிறேன், அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பொத்தாம்பொதுவான பதில் வருவதில்லை.

சட்டம் முடிந்ததோடு விடாதீர்கள், விதிமுறைகள் வந்துகொண்டே இருக்கும். சட்டம் நிறைவேறும் வழியில்தான் அவற்றை முன்கூட்டியே பார்க்க ஒரு தனி ஆணையத்தையும் சேர்த்தார்கள். அதன் அறிக்கையும் பொதுவில் வெளியாகும், குழுவும் அதை வைத்துக்கொண்டு அமைச்சரைக் கேட்கும்.

நேரில் போவதென்றால், பார்வையாளர் இருக்கைக்குக் கட்டணம் இல்லை, வாசலில் விமான நிலையம் மாதிரி பையைச் சோதிப்பார்கள். மேசை குதிரை லாட வடிவம், சாட்சிகள் உறுப்பினர்களைப் பார்த்தபடி இருப்பார்கள், நீங்கள் பின்னால். பாதியில் தலைவர் இனித் தனி அமர்வு என்பார், அப்போது வெளியே வந்துவிட வேண்டும், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று முதல் தடவை நான் பதறினேன். நிகழ்ச்சி நிரலிலேயே எது தனி அமர்வு என்று போட்டிருக்கும். அண்ணனால் பயணம் முடியாது என்றால் இணைய நேரலை இருக்கிறது. கருத்துக் கேட்பு அறிவிப்பு வரும்போது அந்த "உதவியின்றி நடந்தார்" கதையை, இங்கே எழுதிய அதே வார்த்தைகளில், எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் என்றால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.