சிலம்பக் கூடத்துல பார்த்து இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி: நீங்களும் சொல்லுங்க

காலடி:
நேத்து சாயங்காலம். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, எதிர்ல ஐம்பது தாண்டின கொத்தனார். தலைக்கு இறக்கின வெட்டு அவர் நெத்திக்கு நாலு விரக்கடை மேல அப்படியே நின்னுச்சு. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டலை. "இன்னும் வேகமா எறக்கு பாப்பா"ன்னார்.

அடிக்கிறதைவிட நிறுத்துறது கஷ்டம்னு கம்பு பிடிச்சவங்களுக்குத் தெரியும். முன்கை தள்ளும்போதே பின்கை இடுப்போட ஒட்டி இழுக்கணும். முன்கால் ஊனப் பிந்திட்டா உடம்பு எடை மொத்தமும் கம்புல ஏறிடும், அப்புறம் அது நிக்காது. ஆறு மாசம் முன்னாடி ஜோடி நிக்கப் பயந்து சுவரோரம் ஒத்தையா சுத்திக்கிட்டிருந்த பொண்ணு இது.

வடக்குத்தெரு:
நாலு விரக்கடை தப்புங்க. கத்துக்குட்டிக்கு ஒரு முழம் விடணும், அதுவும் கால் எடுத்து வைக்கிற முறை நல்லாப் படிஞ்ச பிறகுதான் ஜோடி.

அந்தப் பொண்ணு என்ன கம்பு வச்சிருக்குன்னு பாருங்க. நேரா நின்னா புருவ மட்டம் வரணும். பெரியவங்க கம்பைக் கொடுத்தா மணிக்கட்டு திரும்பாது, தோளால சுத்தும், ஒரே வாரத்துல தோள்வலி வந்துடும். ஜோடிக்குப் பிரம்பு நல்லது, வளைஞ்சு கொடுக்கும். மூங்கில்னா கணுவுக்குக் கணு நகத்தை ஓட்டிப் பாருங்க. மயிரிழை விரிசல் தட்டுப்பட்டாலும் ஒதுக்கிடுங்க. டேப் சுத்தி ஓட்டவே கூடாது, மோதுற வேகத்துல சிலாம்பு கண்ணுக்குத் தெறிக்கும். வெயில்ல சாத்தி வச்சா காஞ்சு வெடிக்கும், அப்பப்ப எண்ணெய் பூசுங்க. உள்ளங்கை கொப்புளிச்சா பிடி இறுக்கம்னு அர்த்தம்.

செம்மண்:
வடக்குத்தெரு அண்ணே, எல்லாத்துக்கும் ஒரு முழம்னா கை எப்ப அளவு கத்துக்கும்? போட்டியில தொட்டாத்தான் புள்ளி, அதுக்குத் தலைக்கவசம் இருக்கு. 2024 ஜனவரியில நம்ம மாநிலத்துல நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில சிலம்பத்தைக் காட்சி விளையாட்டா வச்சாங்க. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுலயும் சிலம்பம் இருக்கு. சான்றிதழுக்காகப் பிள்ளைங்க வரட்டும், சந்தோஷம். ஆனா தொடாம நிறுத்தக் கத்துக்கிறது கூடத்துல மட்டும்தான்.

நான் பார்த்தது வேற. வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க ரெண்டு பேர். ஆசான் வேணும்னே ஜோடி போட்டார். சலாம் எடுத்து, அதான் ஆட்டத்துக்கு முன்னாடி வணக்கம் வச்சு, மண்ணைத் தொடும்போதும் எதிராளி மேல வச்ச கண்ணை எடுக்கக் கூடாது இல்லையா? எடுக்கலை. அடிக்கிறவர் எண்ணிக்கையைச் சத்தமாச் சொல்லணும், அப்பத்தான் மத்தவர் தடுப்பு சேரும். முதல் சுத்துல இளையவர் வாயைத் திறக்கலை, பெரியவர் விரல்ல அடி. ரெண்டாவது சுத்துல "ஒண்ணு"ன்னு ஒரு குரல் வந்துச்சு பாருங்க, கூடமே நின்னு பார்த்துச்சு. ரெண்டு வருசத்துல அவங்களுக்குள்ள முதல் பேச்சு அதுதான்.

காலடி:
பொண்ணு கம்பு பிரம்புதான் அண்ணே, புருவ மட்டம். இடைவெளி பத்தி நாளைக்கு ஆசான்கிட்ட கேட்டுச் சொல்றேன். செம்மண், அந்த விரல் சரியாயிடுச்சா?

செம்மண்:
வீக்கம் வடிஞ்சுடுச்சு. பத்து போட்டுக் கட்டினதே இளையவர்தான்.