ஏ549 செல்லுல நாக்டவுன் நிக்க மாட்டேங்குது, உதவுங்க

மண்டபம் பக்கத்துல ஒரு சின்ன லேப்ல இருக்கேன், இங்க கடல்ல எடுக்குற பாசிச் சாறு செல்லுல என்.ஆர்.எஃப்.2 (செல்லோட தற்காப்பு ஜீன்களை முடுக்கிவிடுற புரதம்) வழியா வேலை செய்யுதான்னு பாக்கணும், அதுக்கு அந்த ஜீனை அடக்கணும் (அதான் நாக்டவுன்).

நுரையீரல் புற்றுநோய் செல் ஏ549. பி.எல்.கே.ஓ.1 வெக்டர்ல எஸ்.ஹெச்.ஆர்.என்.ஏ (ஜீனை அடக்குற சின்ன ஆர்.என்.ஏ), அதைச் செல்லுக்குள்ள கொண்டுபோக லென்டிவைரஸ், வைரஸ் உள்ள போக உதவுற பாலிபிரீன் மில்லிக்கு 8 மைக்ரோகிராம், வைரஸ் போகாத செல்லைக் கொல்லுற பியூரோமைசின் மில்லிக்கு 2 மைக்ரோகிராம். வைரஸ் போடாத செல் எல்லாம் 3 நாள்ல செத்துடுச்சு, போட்டது நல்லா நிக்குது, அதனால வைரஸ் உள்ள போயிருக்கு, அதுல சந்தேகமே இல்ல. முதல் வாரம் ரியல் டைம் பி.சி.ஆர்ல எம்.ஆர்.என்.ஏ 70 சதவீதம் குறைஞ்சுது, சந்தோஷத்துல அன்னைக்கே நண்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். நாலாவது வாரம் பாத்தா 20 சதவீதம்தான் குறைவு! வெஸ்டர்ன் பிளாட்லயும் பேண்ட் பழையபடி வந்துடுச்சு (இந்தப் புரதத்தோட கணக்குப்படி எடையான 66ல தேடல, அது ஜெல்லுல நிஜமா நிக்குற 100 கிலோடால்டன் பக்கத்துலதான் பாத்தேன்).

செஞ்சு பாத்தது: வேற ரெண்டு எஸ்.ஹெச்.ஆர்.என்.ஏ, பிரைமர் மாத்தி, பியூரோமைசினை நிறுத்தாம விட்டு, எம்.ஓ.ஐ (ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ்ங்குற கணக்கு) 1ல இருந்து 5 வரைக்கும். எல்லாம் அதே கதைதான். கரண்ட் கட்டுல வைரஸ் உருகி வீணாப் போச்சோன்னு புதுசாவும் தயாரிச்சேன், அதுவும் இல்ல.

ஏ549ல கீப்1 (என்.ஆர்.எஃப்.2ஐ கட்டுப்படுத்துற ஜீன்) மியூட்டேஷன் இருக்குறதால அதுக்கு என்.ஆர்.எஃப்.2 இல்லாம வளர்றது கஷ்டம், அதான் நல்லா அடங்கின செல் மெதுவா வளந்து, அரைகுறையா அடங்கினது அதை முந்திடுதுன்னு நெனைக்கிறேன்.

டாக்ஸிசைக்ளின் போட்டா மட்டும் வேலை செய்யுற வெக்டருக்கு மாறினா இது நிக்குமா, இதே செல்லுல செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க?