ஆறு வாரக் கரு என்றால் ஆடியில் தரித்ததா?

கேள்வி (பாலக்கோடு):
வைகாசியில் மணமான என் தங்கையை ஆடிக்கு அழைத்து வந்து, ஆவணி முதல் தேதியான ஆகஸ்ட் 17 அன்று அரூரில் கணவர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். செப்டம்பர் 15 அன்று எடுத்த ஸ்கேனில் கருவுக்கு ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆடியில் போய் நிற்கிறதே என்று அவளுடைய மாமியார் கேட்டதிலிருந்து, தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்வந்த மறுநாள், ஆகஸ்ட் 4 அன்று, அவளுக்கு மாதவிலக்கு வந்தது. இந்தக் கணக்கை யாராவது விளக்குவீர்களா?

பதில் 1 (ஊத்தங்கரை, ஓய்வுபெற்ற செவிலியர்):
அம்மா, கருத்தரித்த நாள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே வாரங்களை எண்ணுகிறோம். ஆகஸ்ட் 4 முதல் செப்டம்பர் 15 வரை 42 நாள், அதாவது ஆறு வாரம். அதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. பதினான்காம் நாள்தான் கருமுட்டை வெளிவரும். "முழுகாமல் இருக்கிறாள்" என்று நம் பாட்டிகள் சொன்னதும் மாதவிலக்கை வைத்துத்தானே!

பதில் 2 (கிருஷ்ணகிரி, விலங்கியல் ஆசிரியர்):
ஒரு திருத்தம். பதினான்காம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கே பொருந்தும். சுழற்சி நீண்டால் முட்டை வெளிவருவதும் தள்ளிப்போகும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்போடு இருக்கும், விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். இரண்டும் கருக்குழாயில் கூடிய பின், கருவுற்ற முட்டை இரண்டு, நான்கு, எட்டு செல்களாகப் பிளந்துகொண்டே கருப்பையை நோக்கி நகர்ந்து, மூன்று நான்கு நாளில் முசுக்கொட்டைப் பழம் போன்ற திரளாகி, ஐந்தாம் நாளளவில் உள்ளே நீர் கோத்த பந்தாகிறது. ஆறு முதல் பத்து நாளுக்குள் அது கருப்பைச் சுவரில் பதிந்த பிறகே, சிறுநீர்ச் சோதனையில் தெரியும் எச்.சி.ஜி. இயக்குநீர் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் கருவுற்றிருந்தால், ஸ்கேன் எடுத்த அன்று கருவின் உண்மையான வயது நான்கு வாரம்தான்.

கேட்டவர்:
தேதிகளைத் தாளில் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், மாமியார் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிரசவத் தேதி மே 11 என்று பார்த்ததும், ஆடியில் பிரித்து வைத்தும் சித்திரையில்தானே பிறக்கப் போகிறது என்று இப்போது அதற்குக் கவலைப்படுகிறார்.

பதில் 1:
கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதியைக் குறிக்கிறார்கள்; அது உத்தேசக் கணக்கு. சரியாக அதே தேதியில் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. சித்திரை முடிய அப்போது மூன்று நாள்தான் இருக்கும்.